ஆடி முடியட்டும், டீச்சர்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் செய்யவே கூடாத காரியம், வீட்டுக்காரருக்குப் பிடித்த மாதிரி பேசுவது. நான் அதைத்தான் செய்தேன். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதே என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்தியவள், நானே போய் எழுதிவிட்டு வந்தேன்.

சாந்தோமில் நாங்கள் பதினாறு வருஷம் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டார். நாலு வீடு இருந்த இடத்தில் பன்னிரண்டு ஃப்ளாட் வருகிறதாம். ஒன்றின் விலை இரண்டு கோடியே நாற்பது லட்சம். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் என் கணவர் லூயிஸும் நானும் சேர்ந்து இன்னொரு ஜென்மம் உழைத்தாலும் அதில் பாத்ரூமைத்தான் வாங்க முடியும். ஆடி பிறப்பதற்குள் பூஜை போட்டு இடிக்க ஆரம்பிக்க வேண்டும், ஆனிக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார்கள்.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மகள் ஜொவிட்டா ப்ளஸ் டூ. நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே படிக்கிறாள். அவள் பரீட்சை முடிகிறவரை, நடந்து போய்வருகிற தூரத்தில் இரண்டு அறை. அவ்வளவுதான்.

புரோக்கர் அறிவு ஏழு வீடு காட்டினான். ஒரு வீட்டில் மீன் குழம்பு வைப்பீர்களா என்றார்கள். ஒரு வீட்டில் மர்சி என்ற என் பெயரைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்றார்கள். "வாடகைக்கு" போர்டு வாசலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் வாடகையைக் கேட்டதும் நாங்களே படி இறங்கிவிட்டோம்.

"இன்னா பண்ணச் சொல்ற டீச்சர்? திண்டிவனத்துலயே இப்ப சதுர அடி கணக்குலதான் பேசிக்கினு கீறாங்க. மைலாப்பூருன்னா சும்மாவா?" என்றான் அறிவு.

லூயிஸின் தம்பி ரொனால்ட் அதற்கும் மேலே. மதுராந்தகம் தாண்டி ஏதோ ஒரு பொட்டல்காட்டு மனை விளம்பரத்தைத் தினமும் ஃபோனில் அனுப்புவான். எல்லாவற்றிலும் "சென்னைக்கு மிக அருகில்" என்று கொட்டை எழுத்து. அந்தப் பக்கத்து விவசாயி வாங்க முடியாத விலை, எங்களாலும் வாங்க முடியாத விலை. பிறகு யார்தான் வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எட்டாவது வீடு மந்தைவெளியில். முதல் மாடி, காற்று வருகிறது, பள்ளிக்குப் பதினைந்து நிமிஷ நடை. மாதம் இருபத்தெட்டாயிரம். எங்கள் கழுத்து வரை வரும், ஆனால் மூழ்கடிக்காது. ஓனர் கனகராஜ் சாவியோடு அவரே வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். டீச்சர் என்றதும் கை கூப்பினார்.

"பெயிண்ட் அடிக்க ஒரு வாரம் ஆவும் டீச்சர். அதுக்குள்ள ஆடி பொறந்துரும். உங்களுக்கு எப்படி?" என்றார்.

எப்படி என்றுதான் கேட்டார். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது சார், பெயிண்ட் காய்ந்த மறுநாள் வந்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஏழு வீட்டு வாசலில் பட்டது எல்லாம் சேர்ந்து என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எங்க வீட்லயும் ஆடி பாப்போம் சார். பெரியவங்க சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றேன்.

லூயிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். கனகராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளா, கிறிஸ்டியனா இருந்தாலும் மொறை தெரிஞ்சவிய! அப்பம் ஆடி முடியட்டும் டீச்சர். ஆவணி ஒண்ணாந்தேதி பால் காய்ச்சிருவோம்," என்று டோக்கனாகப் பத்தாயிரம் வாங்கிக்கொண்டார்.

படியிறங்கும்போது லூயிஸ், "இன்னா மர்சி, நம்ம எப்ப ஆடி பாத்தோம்? கல்யாணமே ஆடிலதான் பண்ணோம்," என்றார். வீடு கிடைத்ததா இல்லையா என்று அவர் வாயை அடைத்தேன். மறுநாள் அறிவு பட்டினப்பாக்கத்தில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னான். சிறியது, ஆனால் உடனே போகலாம், இருபத்தோராயிரம்தான். டோக்கன் கொடுத்தாகிவிட்டது, வாக்கு மாறக் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

ஆனி கடைசியில் கொட்டிவாக்கத்தில் ரொனால்ட் வீட்டு ஹாலுக்குக் குடிபெயர்ந்தோம். பீரோ மொட்டைமாடியில், தார்ப்பாய்க்குக் கீழே. ஜொவிட்டா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கெமிஸ்ட்ரி படித்தாள். "வீடு காலியாத்தானேம்மா இருக்கு? நாம ஏன் போகக் கூடாது?" என்று தினமும் கேட்டாள். அவங்க வழக்கம்மா, மதிக்கணும் என்றேன். நல்லொழுக்க வகுப்பு எடுக்கிறவள் அல்லவா நான்.

ஆடி இரண்டாம் ஞாயிறு, சாந்தோம் கோவிலில் பூசை முடிந்து அப்படியே மந்தைவெளிக்கு நடந்தேன். திரைச்சீலைக்கு ஜன்னல் அளவு எடுக்கலாம் என்று. மாடியேறினால் கதவு திறந்திருக்கிறது. வாசலில் ஐந்தாறு ஜோடிச் செருப்பு, நிலையில் புது மாவிலை.

ஒரு சின்னப் பெண் வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டாள் போல. "வாங்க ஆன்ட்டி, கரெக்டான நேரத்துக்கு வந்தீங்க," என்று ஒரு டம்ளர் பாலை என் கையில் கொடுத்துவிட்டாள். பெயர் ஷண்முகப்ரியா, தரமணியில் வேலை, முப்பத்தாறாயிரம் வாடகை என்பதெல்லாம் பால் ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

"ஆடியில பால் காய்ச்சுறீங்களேம்மா?" என்றேன்.

"நாங்களும் யோசிச்சோம் ஆன்ட்டி. ஓனர் அங்கிள்தான் சொன்னாரு, சொந்த வீட்டுக்குத்தான் ஆடி பாக்கணுமாம். வாடகைக்கு வர்றவங்களுக்கு அதெல்லாம் இல்லையாம்."

பாலைக் குடித்தேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? டம்ளரைக் கொடுத்துவிட்டு நேராகத் தி. நகருக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் கனகராஜைக் கேட்க வேண்டிய கேள்விகளை வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். ஆட்டோக்காரர் இரண்டு முறை கண்ணாடியில் பார்த்தார்.

கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், உள்ளே நுழைய இடமில்லை. வருஷத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாத மாதத்தில்தான் அவருக்குக் கல்லா நிரம்பி வழிகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார்.

"நானே ஃபோன் போடணும்னு இருந்தேன் டீச்சர். இந்தாங்க டோக்கன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. ஒரு சேலை எடுத்துக்கிடுங்க, தள்ளுபடிக்கு மேல தள்ளுபடி போட்டுத் தாரேன்."

"வாக்குக் குடுத்தீங்களே சார். ஆவணி ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? உங்களுக்கு எப்படின்னுதான கேட்டேன்? நீங்கதான் ஆடி பாப்போம்னு சொன்னிய. அந்தப் பிள்ளை பாக்கலன்னுச்சு. நீங்களும் பாக்கலன்னு சொல்லியிருந்தா பெயிண்ட் காஞ்ச அன்னைக்கே சாவியக் குடுத்திருப்பேன்லா?"

பொய். எட்டாயிரம் கூட வந்தது, விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அதைப் பொய் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் பொய்யை நான் சொல்ல வேண்டும். சேலை பிரித்துக் காட்டுகிறவர்களும் பார்க்கிறவர்களுமாகச் சுற்றிலும் நூறு பேர்.

"எங்களுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது சார். உங்ககிட்ட நல்ல பேர் வாங்கத்தான் அப்படிச் சொன்னேன்," என்று கத்தியே விட்டேன்.

கனகராஜ் கோபப்படவில்லை. உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டார். "அட, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்," என்றார். அதற்குள் யாரோ பில் நீட்டினார்கள், அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

வெளியே வந்து அறிவுக்கு ஃபோன் செய்தேன். பட்டினப்பாக்கம் வீடு அன்றைக்கே போய்விட்டதாம். இப்போது கையில் இருப்பது ஊரப்பாக்கத்தில் ஒன்றுதானாம், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், நாம் ஆடி பார்ப்போம் என்று சொன்னதால்தான் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்ததாக ஓனர் சொல்கிறார் என்று ஜொவிட்டாவிடம் சொன்னேன். இனி ஊரப்பாக்கத்திலிருந்து காலையில் ஐந்தரை மணி ட்ரெயினைப் பிடிக்க வேண்டும், போக வர மூன்று மணி நேரம், படிப்பை ட்ரெயினில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. கெமிஸ்ட்ரி புத்தகத்தை மூடி வைத்தாள்.

"நாமதான் ஆடி பாக்க மாட்டோமேம்மா. அவர்கிட்ட யாரு அப்படிச் சொன்னது?" என்றாள்.

லூயிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு, நான்தான்மா, ஏதோ உளறிட்டேன் என்றார்.

"அப்பா இல்ல. நான்," என்றேன்.