வெட்டாமல் நின்ற கரும்பு

...குனிந்த தலை ஒன்றும் நிமிரமாட்டேன் என்கிறது, சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் வருகிறது என்று ஒருத்தனாவது பார்க்கிறானா, எல்லாம் போனைத்தான் பார்க்கிறான், மழை வரும் என்று போன் சொன்னால் குடையைத் தேடுகிறான், வெளியே வெயில் காய்கிறது, ஒரு தரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா? இப்போதுதான் கெட்டுப்போனார்கள் என்றும் சொல்ல முடியாது, இரண்டாயிரம் பிறக்கப்போகிற சமயத்தில் பார்த்தேனே, ஊரில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை, அதற்கே அந்த நடுக்கம். ஆலையில் கரும்புப் பதிவையெல்லாம் அதில் ஏற்றிவிட்டார்களாம், எந்தக் கரும்புக்காட்டை எப்போது வெட்டுவது என்று அதுதான் உத்தரவு போடுமாம், வருசம் திரும்பினால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று அதற்குப் புத்தி பேதலித்துவிடுமாம்... பக்கத்துக் காட்டுச் சின்னராசு விளக்கினான், "உன் கரும்ப இன்னும் நடவே இல்லன்னு சொல்லிடும்யா சிங்கராயரே, நடாத கரும்புக்கு எவன் உத்தரவு குடுப்பான்?" ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற கரும்பை நடவில்லை என்று ஒரு பெட்டி சொல்லுமாம்.

அத்தனை பேரும் வெட்டினார்கள். வருசம் பிறப்பதற்குள் ஆலைக்குள் தள்ளிவிடலாம் என்று நினைப்பு, உத்தரவு இல்லாத கரும்பை ஆலைக்காரன் தொடுவானா, வாசலிலேயே திருப்பிவிட்டான், வெட்டிய கரும்பு காத்திருக்குமா, வெயிலில் எடை வற்றிக்கொண்டே போனது. என் வீட்டிலும் தினம் சண்டை, "ஊரே வெட்டுது, உனக்கு மட்டும் இன்னா வீம்பு, இருக்கறது இந்த ஒரு காடு, இதும் போச்சுன்னா சோத்துக்கு எங்க போறது?" என்று பெண்டாட்டி இஞ்ஞாசியம்மாள் அழுதாள். நான் கம்ப்யூட்டரையும் நம்பவில்லை, அது கெட்டுப்போகும் என்றவனையும் நம்பவில்லை. ஆனாலும் விடிந்ததும் காட்டுக்குப் போய் கரும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அது இன்னாத்துக்கு?

வந்தது உத்தரவு, பொங்கலுக்கு முன்னாடியே. டிராக்டரில் கரும்புக்கு மேலே ஏறி உட்கார்ந்து சின்னராசு வீட்டு வழியாகத்தான் போனேன், அது சுற்று வழிதான், போனேன். அவன் கரும்பு வடக்கனந்தல் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவனுக்கு அடிமாட்டு விலைக்குப் போயிருந்தது. பிற்பாடு கள்ளக்குறிச்சியில் இண்டர்நெட் கடை வந்தபோதும், பெட்டி கிர்ர் என்று கத்தி லைன் பிடிக்கிற வரைக்கும் கைகட்டி நின்றவன் அவன், நான் அந்தப் படியை மிதிக்கவில்லை. வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒன்றுதான், அதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது, இன்றைக்கும் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிரிட்டோவிடம் சொன்னேன். இஞ்ஞாசியம்மாளின் அண்ணன் மகன், ஆலை ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்து ரிட்டையர் ஆனவன். சிரித்தான்.

"அது தானா சரியாச்சுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா மாமா? ராப்பகலா ஒக்காந்து ஒவ்வொரு பதிவா மாத்துனோம். அதனாலதான் ஒண்ணும் ஆகல."

"திருடன் வராத வூட்டுல, நான் கொலைச்சதாலதான் வரலன்னு நாய் சொல்லுமாம். போடா."

"கொலைக்காம வுட்டுப் பாத்திருக்கணும் மாமா, தெரிஞ்சிருக்கும்."

பேச்சைப் பார், சம்பளம் வாங்கியவன் சொல்லத்தான் செய்வான், நடக்காத ஒன்றைத் தடுத்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நான் கூடச் சொல்லலாம்... பஸ் வந்தது, எழுந்து நடந்தேன். ஆனால் கரும்பு வெட்டாமல் நின்ற அந்த வருசக் கிறிஸ்மஸுக்கு இவன் வரவில்லை, வருசா வருசம் முதல் ஆளாக வந்து உட்காருகிறவன், அவனுக்கென்று எடுத்துவைத்த கறியை இஞ்ஞாசியம்மாள் சுடவைத்துச் சுடவைத்து, கடைசியில் ஊசிப்போய் நாய்க்குக் கொட்டினாள். எங்கே போய்த் தொலைந்தான் என்று அப்போது கேட்காமல் விட்டேனே... சாப்பாட்டுக்கு வராதவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.