கண்டிப்பான துண்டு

தம்பிக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் அந்த மென்பொருளை அவனுக்காகத்தான் அக்கா எழுதத் தொடங்கினாள். முகம் தெரியாத பலர் கைகொடுக்க, யாரும் எடுத்து எதற்குள் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற தாராள உரிமத்தில் அது வளர்ந்தது. இப்போது ஒரு போன் கம்பெனி தன் மலிவுப் போன்கள் எல்லாவற்றிலும் அதை ஏற்றித் தருவதாகச் சொன்னது. தம்பி அன்றைக்கே, அதுவரை அது ஓடிய மேசைக் கணினியைத் தட்டி, "உனக்கு ஓய்வுதாண்டா கிழவா" என்றான்.

கம்பெனி வக்கீல்தான் தலையில் குண்டைப் போட்டார். உள்ளே கண்டிப்பான உரிமத்தில் ஒரு துண்டு இருக்கிறது. அதைச் சேர்த்தால் தங்கள் நிரலையும் திறந்து காட்ட வேண்டிவரும். வாரக் கடைசிக்குள் அந்தத் துண்டை எடுக்காவிட்டால் பேச்சு முடிந்தது.

விஷயம் இதுதான். உச்சரிப்புக்கான கோப்பு ஒன்றை அக்கா வெளியிலிருந்து எடுத்திருந்தாள். எழுதியவர் தாராளம், கண்டிப்பு என்று இரண்டு உரிமங்களையும் கொடுத்து, விருப்பமானதை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அக்கா தாராளத்தை வைத்துக்கொண்டாள். அதே கோப்பை எடுத்த இன்னொரு நிரலாளர், எல்லோரும் மீசைக்காரர் என்று கூப்பிடுபவர், கண்டிப்பானதை மட்டும் வைத்துக்கொண்டார். நீளமான சொற்களில் எங்கே மூச்சு விடுவது என்பதை அற்புதமாக அதில் சேர்த்தார். அதே கோப்பு, அதே பெயர் என்று அக்கா அந்தத் திருத்தத்தையும் அள்ளி வந்துவிட்டாள். தலைப்பில் இருந்த உரிம வரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீசைக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தத் துண்டுக்கு மட்டும் தாராள லைசென்ஸும் குடுத்தீங்கன்னா..."

"ஏம்மா, கம்பெனிக்காரன் பூட்டி வச்சுக்கக் கூடாதுன்னுதானே அந்தத் தாராள வரியையே தூக்கினேன்! நீ படிக்கலையா?"

"இல்ல சார். என் தப்புதான்."

"இப்படிச் சொன்னா நான் எப்படிக் கோவப்படறது? தம்பி கம்ப்யூட்டர்ல தாராளமா ஓடட்டும். கம்பெனிக்குன்னா கிடையாதும்மா."

அவர் பேச்சில் ஒரு குறையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

துண்டைக் கழற்றிவிட்டு ஓட்டினாள்.

"என்னக்கா, நாய் துரத்துற மாதிரி படிக்குது?" என்றான் தம்பி.

சொந்தமாக எழுத உட்கார்ந்தாள். பழைய கோப்பைத் திறக்கவே இல்லை. எழுதி முடித்துப் பார்த்தால் வரிக்கு வரி மீசைக்காரர்தான். வேறு வழியில் தொடங்கினாலும் பாதியில் விரல்கள் அவர் பாதைக்கே திரும்பின. இத்தனை வருடம் அதைத் தட்டிக்கொட்டி மனப்பாடமாகியிருந்தது. கூட எழுதியவர்களைக் கேட்கலாம் என்றால், அவர்களும் அதே பாலைக் குடித்தவர்கள்.

கடைசியாக எழுதியதை ஓட்டினாள். தம்பி காதைச் சாய்த்துக் கேட்டான்.

"அட, அழகா மூச்சு விடுதே! அனுப்பிடு."

"அனுப்ப முடியாதுடா. இது அவரோடது."

"விளையாடாத. இப்ப முழுக்க நீதானே தட்டின? சத்தம் கேட்டுட்டுத்தானே உக்காந்திருந்தேன்?"

அவள் அனுப்பாமலே கோப்பை மூடினாள். அவன் அதையே மறுபடியும் கேட்டான்.