தங்கப் பல்லில் சந்தனம்

சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் பேருந்து ஏறியதிலிருந்து ஜாலான் புசாரில் இறங்கும் வரை பரமசிவம் அந்த பிஸ்கட் டின்னை மடியை விட்டு இறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்தாயி இரண்டு முறை கை நீட்டினாள். இரண்டு முறையும் அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தேக்கா சந்தையில் மீன் வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் அவள் கூட வந்திருந்தாள். மீன் வாங்க வீட்டுக்குக் கீழேயே சந்தை இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதினான்கு வருடக் குடித்தனத்தில் இதெல்லாம் பழகிப்போன சங்கதி.

டின்னுக்குள் இருந்தது ஒரு கார்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான பச்சைப் பலகை, மேலே கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், கீழ் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி தங்க முலாம் பூசிய வரிசை. செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த பரமசிவம், ஊருக்குத் திரும்பிப்போன ஓர் இன்ஜினியரிடமிருந்து கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். தைவானில் செய்தது. அவர்கள் குடியிருந்த ப்ளாக்கிலேயே, பன்னிரண்டு மாடியிலும், வேறு யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. அந்த நினைப்பு அவருடைய நடையிலேயே தெரியும். வீடு கொடுத்த வீவக கழகத்துக்கு மனு, பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், கரண்டு பில்லில் தகராறு என்று அண்டை அயலில் யார் வந்து நின்றாலும் ஒரு காசு வாங்காமல் அடித்துக் கொடுப்பார். ஒரே ஒரு குறை. அந்த யந்திரத்துக்கு ஆங்கிலத்தின் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். ஒரு வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் போகாது. பணிவாக எழுதிய மனுகூட அரசாங்கத்தை அதட்டுவது போலத்தான் தாளில் வந்து விழும். அந்தக் கார்டைச் செருகினால் வரிக்கு எண்பது எழுத்து, அதுவும் பெரியதும் சின்னதுமாக வரும் என்று கடைக்காரர் ஆ செங் சொல்லியிருந்தார்.

வந்தால்தானே! செருகிய நாளிலிருந்து திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது, செருகினால் இருட்டு. நாலு நாளாகப் பரமசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“செத்துப்போன கார்டை என் தலையில கட்டிட்டான். சனிக்கிழமை போயி நாலு கேள்வி நறுக்குன்னு கேக்குறேன் பாரு,” என்று வீட்டில் பொருமிக்கொண்டிருந்தார்.

“நான் ஒரு தடவை பாக்கட்டுமாங்க?” என்றாள் முத்தாயி.

“நீயா? இது கல்லுரல் இல்ல முத்தாயி. நுணுக்கமான சாமான்.”

அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பத்து வருடமாக அவள் வேலை பார்க்கும் ஃபேக்டரியில், ஒரு நாளைக்கு நானூறு போர்டு அவள் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகிறது. மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் மூன்று மணி நேரம் நிமிர மாட்டாள். ஈயம் சரியாகப் பிடிக்காத சில்லுக் காலை, மயிரிழை அளவு விரிசலை, ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிய ஒரு துளியைச் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் பாஸ் போட்டால் ஜப்பானிய மானேஜர்கூட மறுபடி பார்க்கமாட்டார். வீட்டில் மட்டும் அது ‘ஃபேக்டரி வேலை’. என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை, அவளாகச் சொல்லிக்கொள்ளவும் கூச்சம். ஆனால் தெரிய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. ஊருக்குத் தெரிய வேண்டாம், இந்த ஒரு மனிதருக்குத் தெரிந்தால் போதும்.

சிம் லிம் டவரில் ஆ செங்கின் கடை, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டிய கடை. கவுண்டர் மேல் மூடி கழற்றிய ஒரு கம்ப்யூட்டர் எப்போதும் திறந்த வயிறாகக் கிடக்கும். பரமசிவம் டின்னைத் திறந்து கார்டை வைத்தார். ஆ செங் அதைச் செருகிப் பார்த்தார். இருட்டு. கழற்றி, வேறு கார்டைச் செருகினார். திரை முழுக்கப் பச்சை எழுத்து வந்தது.

“சீ? யுவர் கார்ட் நோ குட்,” என்றார் பரமசிவம், ஜெயித்தவர் மாதிரி.

“ஹலோ, மிஸ்டர்! தட் டே ஐ டெஸ்ட் ஃபர்ஸ்ட், யூ ஆல்ஸோ சீ. யூ டேக் ஹோம், யூ ஸ்பாய்ல், நவ் யூ சே மை கார்ட் நோ குட்?”

குரல் ஏறியது. பின்னால் நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். பரமசிவம் கப்பல் பட்டறைக் கடித ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டார். கம்ப்ளெய்ன்ட் எழுதப்போவதாகவும், மூன்று நகல் எடுக்கப்போவதாகவும் சொன்னார். ஆ செங் கார்டைக் கவுண்டர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். முத்தாயி கண் எதிரில் அது சறுக்கிக்கொண்டு வந்து நின்றது.

யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது. முதலில் பக்கத்திலிருந்த இரும்பு அலமாரியைத் தொட்டாள். உடம்பில் மின்சாரம் தேங்கியிருந்தால் அது இறங்கிவிடும். பிறகு கார்டின் இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்து, சில்லு எதிலும் கை படாமல் தூக்கினாள். ஏதோ சொல்லவந்த ஆ செங் அப்படியே வாயை மூடிக்கொண்டார். அப்படித் தூக்குகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும்.

“செகெஜாப்,” என்று மலாயில் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அவர் தன் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

ஈயமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு காலாகப் பார்த்தாள், குறை இல்லை. தங்கப் பல்வரிசைக்கு வந்ததும் கார்டைக் குழல்விளக்குக்கு நேராகச் சாய்த்தாள். தங்கத்தின் மேல் மங்கலாக ஒரு படலம் காய்ந்து கிடந்தது. படலம்கூட இல்லை, மூன்று கோடு. பக்கத்துக்குப் பக்கம், ஒரே அகலத்தில், மூன்று விரலால் இழுத்த பட்டை. மூக்கருகே கொண்டுபோனாள். பன்னீரும் சந்தனமும்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயுத பூசையன்று அவளுக்குக் காலை ஷிஃப்ட். பூசை செய்ததெல்லாம் அவர்தான். தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, அரிவாள்மனை, ஃப்ரிட்ஜ் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பூசை ஆகாமல் புதுச் சாமானைத் தொடக்கூடாது என்று அந்தக் கார்டையும் சாமி முன்னால் வைத்திருக்கிறார். சில்லுகளுக்கு நடுவே விரல் வைக்க இடமில்லை. சுத்தமாக, பளபளவென்று இருந்த இடம் இந்தத் தங்க வரிசை ஒன்றுதான். சாமிக்கு நல்ல இடமாகத்தானே கொடுப்பார் மனுஷன்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் மூன்று நகல் எடுக்கப்போவதாகச் சொன்ன வாய் அது. இப்போது இவள் வாயைத் திறந்தால் அவர் மானம் கவுண்டரில் கிடக்கும். திறக்காவிட்டால், நல்ல கார்டைக் குப்பையில் போட வேண்டும். கெட்டுப்போகாத போர்டை ரிஜெக்ட் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

“என்னங்க,” என்றாள் மெதுவாக, தமிழில். “இது சந்தனம்.”

பரமசிவம் திரும்பினார். “தொடச்சிட்டுத்தானே மாட்டுனேன்.”

“தொடச்சீங்க. காஞ்சப்புறம் துணிக்கு வராது. தங்கம் தொட்டாத்தானே கரண்டு போவும்? நடுவுல இது நிக்குது.”

அவர் முகம் சிறுத்துப்போனது. முத்தாயி ஆ செங்கிடம், கொஞ்சம் அழுக்கு, வேறொன்றும் இல்லை என்று மலாயில் சொல்லி, ரப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். பென்சில் அழிக்கும் ரப்பர். அவர் பேனாப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேலும் கீழும் தேய்க்காமல், ஒரே பக்கமாக, பலகையிலிருந்து விளிம்பை நோக்கி, ஒவ்வொரு பல்லாக இழுத்தாள். இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம். ஊதிவிட்டு, யந்திரத்தின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினாள். கார்டு உட்கார்ந்தது.

ஆ செங் சுவிட்சைப் போட்டார். திரை நிறைய எழுத்து வந்தது. பெரியதும் சின்னதுமாக, எண்பது.

“டர்ட்டி ஒன்லி, ஆ?” என்றார் ஆ செங்.

முத்தாயி தலையசைக்கப்போனாள். அதற்குள் பரமசிவம் முன்னால் வந்தார். “நோ. நாட் டர்ட். ஐ டிட் எ பிரேயர். சாண்டல் பேஸ்ட். மை மிஸ்டேக். ஐ ஆம் சாரி.”

அந்த நிமிடத்தில் அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆ செங் வாய்விட்டுச் சிரித்தார். கவுண்டருக்கு அடியில், தரையோடு தரையாக இருந்த சிவப்புச் சாமி மாடத்தைக் காட்டினார். மூன்று ஆரஞ்சும் ஊதுவத்தியும் இருந்தன. “ஐ ஆல்ஸோ பிரே லா! பட் ஆரஞ்ச், ஐ நெவர் புட் இன்சைட்!” பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பரமசிவமும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் ஆ செங் கேட்டார், “யுவர் வைஃப் வாட் வொர்க்?”

“ஃபேக்டரி,” என்றார் பரமசிவம்.

“ஐ நோ ஃபேக்டரி. இன்சைட், வாட் ஷீ டூ?”

பரமசிவம் வாயைத் திறந்தார். எந்த ஸ்டோரில் எந்த ஆணி எத்தனை இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற மனிதர், மனைவியின் முகத்தைப் பார்த்தார். பதில் தெரியாத பிள்ளை பக்கத்து பெஞ்சைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்,” என்றாள் முத்தாயி. “டென் இயர்ஸ்.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள்.

பரமசிவத்துக்குப் பழையதுக்குப் பதிலாகப் புது பிரின்டர் கார்டும் ஒன்று வேண்டியிருந்தது. ஆ செங் உள்ளே போய் மூன்று கார்டு எடுத்துவந்தார். அவற்றைப் பரமசிவம் முன்னால் வைக்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து முத்தாயி முன்னால் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்தார். முதல் கார்டில் ஒரு காலில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. விரலால் காட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தார். மூன்றாவதை அவள் எடுத்துக்கொண்டாள்.

மீன் வாங்க மறந்தே போனார்கள். பேருந்தில் பிஸ்கட் டின் முத்தாயி மடியில் இருந்தது. தோ பாயோ வந்தபோது பரமசிவம் மெல்லக் கேட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தன பாப்ப?”

“நானூறு.”

“அத்தனையும் இப்பிடித்தானா?”

“இத விடச் சின்னதுங்க. கண்ணாடி வச்சாத்தான் தெரியும்.”

“பத்து வருசமாவா?” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நான் ஒரு மடையன் முத்தாயி.”

அவள் இல்லை என்று சொல்லவில்லை. டின்னை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவரே கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் தட்டில் எடுத்து வைத்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவள் பக்கம் நகர்த்தினார். கப்பல் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். எதிர்வீட்டு வடிவேலு மனு எழுத வந்தவன், வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றியபடி, “என்னண்ணே, அண்ணி கைய வச்சிருக்காங்க?” என்றான்.

“பேசாத,” என்றார் பரமசிவம். “இன்ஸ்பெக்‌ஷன் நடக்குது.”

முத்தாயி யந்திரத்தின் இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு, டின்னிலிருந்து முதல் கார்டை எடுத்துக் குனிந்தாள். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று அவரும் டார்ச்சோடு கிட்டே குனிந்தார்.

“நெழல் விழுதுங்க,” என்றாள், தலை நிமிராமல். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.