மகனுக்கு வந்த முத்தங்கள்

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தம்பியின் முகக்கவசத்தை இழுத்து மூக்கை மூடிவிட்டாள் ஸ்லாவிட்சா. மூச்சு முட்டுகிறது என்றான் நெனாத். முட்டட்டும் என்றாள்.

பெட்டியில் கிடந்த அப்பா ராதோமிரைக் கொன்றது வெறும் சளி. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவர் விழுங்கிய மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை வழித்தெடுத்திருந்தன. வீட்டுப் புனிதர் விழாவுக்கு வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் கன்னத்தில் ஊர் வழக்கப்படி மும்மூன்று முத்தம் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நாலு இருமல், அவருக்கு நிமோனியா. குளிர்காலத்தில் இந்த வார்டில் பாதிப் படுக்கை இப்படித்தான் நிரம்புகிறது என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் அதே நோய் நெனாத்துக்கும் இறங்கியிருந்தது. அவனுக்கும் போன வருடம்தான் சிறுநீரகம் மாற்றினார்கள்.

விழாவன்று வாசலில் நின்று தடுக்கப் பார்த்தவளை, வீடு தேடி வந்தவர்களை அவமானப்படுத்துகிறாயா என்று திட்டி உள்ளே இழுத்துப்போனது அம்மா தெசாங்காதான். இன்று யார் இழுத்தாலும் ஸ்லாவிட்சா நகர்வதாக இல்லை.

துக்கம் சொல்லும் வரிசை நகர்ந்தது. முதல் ஆளே அப்பாவின் தங்கை விதோசாவா. மூக்கு சிவந்திருந்தது. அழுகையா சளியா, யார் கண்டது? ஸ்லாவிட்சா குறுக்கே போய் நின்றாள்.

"அத்தை, அவனைத் தொடாதீங்க."

"அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு முத்தம் குடுக்காம போனா நான் மனுஷியா? நகருடி."

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. நெனாத்தே கூச்சப்பட்டு முகக்கவசத்தை இறக்கப் பார்த்தான்.

அம்மா எழுந்து வந்தாள். மறுபடியும் திட்டுதான் என்று ஸ்லாவிட்சா பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாவோ மகனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நாத்தனாருக்குத் தன் கன்னத்தைக் காட்டினாள்.

"அவனுக்கு உள்ளதையும் எனக்கே குடுத்துடு, விதோ."

அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்று முத்தம் கொடுத்தாள். பிறகு இன்னும் மூன்று. வரிசையில் வந்த எல்லோரும் அப்படியே கொடுத்தார்கள், ஒருவரும் குறைக்கவில்லை.

மண் போட்டு முடிந்தது. நெனாத் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாம்மா என்றான்.

"நீ அக்காவோட போ. நான் உங்க அத்தை வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

அவன் முகம் உடைந்தது. அவளைக் கட்டிக்கொள்ள ஓரடி முன்னால் வைத்தான். அம்மா ஓரடி பின்னால் போனாள்.

அத்தையின் கார் வரும்வரை இருவரும் அந்தக் குளிரில் அப்படியே நின்றார்கள்.