கிட்டார் மேல் ஒரு நம்பர் பிளேட்

திண்டிவனம் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தது ஒரே ஒரு கிட்டார். அதைத் தட்டிக் கெடுத்தவர் அந்தோணி பிரபு. கெட்டதை மறைக்க வழி சொன்னவரும் அவரே. அந்தக் குழுவில் எல்லாக் காரியமும் இப்படித்தான் நடக்கும்.

பிரபு குழுத் தலைவர். அவருக்குப் பாட வராது, வாசிக்க வராது, தலைமை மட்டும் வரும். 2014-இல் பெரிய போன் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஸ்பெயின்காரன் ஒருவன் கிட்டார் வாசித்துக்கொண்டே அதன் பலகையை விரலால் தட்டித் தாளம் போடுவதை அதில் பார்த்துவிட்டார். அடுத்த ஒத்திகையில் ஆஷ்லின் கையிலிருந்த கிட்டாரை வாங்கி மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். நரம்புகள் பக்கம் அவர் போகவே இல்லை. மோதிர விரலில் மாமனார் போட்ட மோதிரம், அதில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சிவப்புக் கல். சில வாரங்களிலேயே கிட்டாரின் துளைக்குக் கீழே, கோழி கிளறிய மண் மாதிரி கீறல் விழுந்துவிட்டது.

ஆஷ்லின் விழுப்புரத்தில் இயற்பியல் படித்து முடித்தவள். படித்த மூன்று வருஷமும் வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. பிரபுவிடம் சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. மோதிரத்தைக் கழட்டிட்டுத் தட்டுங்கண்ணா. அவ்வளவுதான். ஒவ்வொரு ஒத்திகையிலும் அது தொண்டை வரை வரும், கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும்.

அவளுக்குக் கவலை இருந்தது. செப்டம்பரில் மாதா திருவிழா. காணிக்கைப் பாட்டில் இரண்டு சரணங்களுக்கு நடுவே எல்லோரும் நிறுத்திவிட, கிட்டார் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். பங்குச் சாமியார் அதை ஆஷ்லினுக்குத்தான் கொடுத்திருந்தார். வாயைத் திறக்காமலே கோயில் முழுக்கத் தன்னைக் கேட்கும் என்பது அவளுக்கு நம்ப முடியாத நல்ல காரியமாக இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலிருந்து அதையே பழகிக்கொண்டிருந்தாள். கோயில் அறையில் எலித் தொல்லை என்பதால் கிட்டார் அவள் வீட்டில்தான் இருந்தது.

"அந்த ஸ்பெயின்காரன் கிட்டார்ல ஒரு பிளேட் ஒட்டிக்கினு தட்றான். நாமளும் ஒட்டிட்டா பேஜாரு இல்ல," என்றார் பிரபு ஒருநாள்.

ஆஷ்லின் தேடிப் பார்த்தாள். மனிதர் முதல்முறையாகச் சரியாகச் சொல்லியிருந்தார். கண்ணாடி போன்ற தகடு, நகத்தைவிட மெல்லியது. பலகையோடு பலகையாக ஒட்டிக்கொள்ளும், சத்தத்தைக் கெடுக்காது. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் இந்தப் பேச்சு, நிலக்கடலை வியாபாரம் செய்யும் மல்லாட்டை மண்டி சவரிராயன் காதில் விழுந்துவிட்டது.

சவரிராயன் கொடுக்கிற கை உள்ளவர். கொடுத்தது யார் என்று மாதாவுக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதிலும் கவனமுள்ளவர். கோயிலில் ஓடும் மின்விசிறிகளின் றெக்கையில் அவர் பெயர் சுற்றும். டியூப் லைட்டுகளில் எழுத்து போக மிச்சம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் வரும். பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிடும் பலகையிலும் அவர் பெயர்தான். அதனால் பாவிகள் முதலில் அவரை வாசித்துவிட்டுத்தான் பாவங்களுக்கு வருவார்கள்.

"பிளேட்டு நம்ம அன்பளிப்பு," என்று சொல்லிவிட்டார்.

பிரபுவும் அவரும் ஆஷ்லினிடமிருந்து கிட்டாரை வாங்கிக்கொண்டு விழுப்புரம் போனார்கள். எந்த இசைக் கடைக்கும் போகவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாரியப்பன் என்பவரின் நம்பர் பிளேட் கடைக்குப் போனார்கள். பிளேட் என்றால் பிளேட்தானே.

திரும்பி வந்த கிட்டாரைப் பார்த்து ஆஷ்லின் உட்கார்ந்துவிட்டாள். துளைக்குக் கீழே பால்வெள்ளை அக்ரிலிக் அட்டை, புல்லட் வண்டியின் முன்னால் இருக்கும் நம்பர் பிளேட்டின் தடிமனில். அதில் கொட்டை எழுத்து: அன்பளிப்பு, மல்லாட்டை மண்டி சவரிராயன் குடும்பத்தார், கிளியனூர் ரோடு, திண்டிவனம். கீழே போன் நம்பர்.

"அந்த மாரியப்பன் ரெண்டு ஸ்குரூ போட்டுத் தரேன்னான். நான்தான் வேணான்னு தடுத்தேன். டபுள் சைடு டேப்பு போதும்னுட்டேன்," என்றார் பிரபு, நன்றியை எதிர்பார்த்து.

அவள் ஒரு நரம்பை மீட்டினாள். முகத்தில் தலையணையை அழுத்திக்கொண்டு யாரோ கூப்பிடுவது போல ஒரு சத்தம் வந்தது. நரம்பு தனியாகப் பேசாது, முன்பலகை அதிர்ந்தால்தான் பேசும். அந்தப் பலகையின் நெஞ்சு மேல்தான் மண்டியின் விலாசம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"சவுண்டு செம கெத்தா கீதுல்ல," என்றார் பிரபு.

சவரிராயனுக்கு வேறு குறை. "ஏம்மா, நீ வாசிக்கச்சே உன் கை எம்பேர மறைக்குது. கையக் கொஞ்சம் ஒதுக்கி வாசிக்கக் கூடாதா?"

கீபோர்டு வாசிக்கும் இருதய அருண் இதற்காகவே காத்திருந்தவன். "எங்கீபோர்டுலயே கிட்டார் டோனு இருக்குதுண்ணா. அந்த எடத்த நானே வாசிச்சிடறேன்."

பிரபு யோசித்தார். அவர் யோசித்தால் எப்போதும் கெட்டதுதான் நடக்கும். "அதுவும் கரெக்டுதான். ஆஷ்லினு, நீ கிட்டாரச் சும்மா புடிச்சிக்கினு நில்லும்மா. கையும் மறைக்காது, பேரும் தெரியும்."

சவரிராயன் தலையாட்டினார். ஒத்திகை முடிந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆஷ்லின் கிட்டாரைக் கட்டில் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தாள். நரம்புகளைத் தளர்த்தி ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தலைமுடி காய வைக்கும் டிரையரை எடுத்து மிதமான சூட்டில் அட்டையின் ஓரமாகக் காட்டினாள். அம்மா இருதயசெல்வி வந்து நின்றாள்.

"இன்னாடி, கிட்டாருக்குத் தலைக்கு ஊத்தினியா?"

"பிளேட்ட எடுக்கறம்மா."

"சவரிராயன் பேரு போட்டதயா? கொழுப்பு. அந்தாளு கோயிலயே பேர்த்து எடுத்த மாதிரி கத்துவாரு. உன்னக் குழுவ விட்டே தூக்கிடுவாங்க."

"இப்பவே சும்மா நிக்கத்தான் சொல்லிக்கீறாங்க."

இருதயசெல்விக்கு இது தெரியாது. "சும்மா நிக்கவா? அதுக்குக் கட்டில் கம்பு போதுமே," என்றாள். பிறகு, "எதப் புடிக்கணும், சொல்லு," என்றாள்.

பலகை சூடாகிறதா என்று ஆஷ்லின் அடிக்கடி புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பசை இளகட்டும், பலகையின் பூச்சு இளகக் கூடாது. ஒரு மூலை லேசாகத் தூக்கியதும் தூண்டில் நரம்பை அதன் அடியில் நுழைத்தாள். ஒரு நுனி அம்மா கையில், மறுநுனி அவள் கையில். ரம்பம் அறுப்பது போல இங்கும் அங்குமாக மெல்ல இழுத்தார்கள். நெம்புவதற்கு அம்மா தோசைத் திருப்பியை எடுத்து வந்தாள். ஆஷ்லின் அதைத் திருப்பி அனுப்பினாள். விலாசம் போய், குடும்பத்தார் போய், கடைசியில் அன்பளிப்பும் விட்டது. மிச்சமிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே விரலால் உருட்டி எடுத்தாள். துணியால் துடைத்தாள். கீறல்கள் அப்படியே இருந்தன, பூச்சு பெயரவில்லை.

நரம்புகளை முறுக்கிச் சுருதி சேர்த்து ஒரு முறை மீட்டினாள். அடுக்களை வரை கேட்டது.

"இத எங்கடி போடறது?" அம்மா அட்டையைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு கேட்டாள்.

ஆஷ்லின் அதையும் யோசித்து வைத்திருந்தாள். பாட்டுத்தாள் வைக்கும் ஸ்டாண்டு ஒன்று உண்டு. அதன் முதுகு ஜனங்களைப் பார்த்து நிற்கும்.

மறுநாள் பூசைக்கு முன்பே சவரிராயன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கிட்டாரைப் பார்த்தார். புருவம் ஏறியது. பிறகு ஸ்டாண்டைப் பார்த்தார். முழு விலாசமும், போன் நம்பரோடு, எந்தக் கையும் மறைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. புருவம் இறங்கியது.

பிரபுவுக்கு அட்டை போனதைப் பற்றிக் கவலை இல்லை. முன்வரிசையின் புருவத்தைப் பார்த்துத்தான் அவர் எதையும் முடிவு செய்வார். "குடு, ஒரு தாளம் போட்டுப் பாக்கலாம்," என்று கையை நீட்டினார். சிவப்புக் கல் முதலில் வந்தது.

ஆஷ்லின் கிட்டாரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மோதிரத்தைக் கழட்டிட்டுத் தட்டுங்கண்ணா."

குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சிலர் அவள் குரலை முதன்முதலாகக் கேட்டார்கள். பிரபு மோதிரத்தைப் பிடித்துத் திருகினார். வரவில்லை. மறுபடி திருகினார். கல்யாணத்துக்குப் பிறகு விரலும் வளர்ந்திருந்தது.

"வர மாட்டேங்குது."

"அப்ப வேணாங்கண்ணா."

பின்னாலிருந்து யாரோ, "சோப்பு போட்டுப் பாருண்ணா," என்றார்கள். பூசை மணி அடித்தது. பிரபு விரலைப் பிடித்துக்கொண்டே பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

காணிக்கைப் பாட்டில் முதல் சரணம் முடிந்தது. அருண் கீபோர்டின் மேல் குனிந்து கிட்டார் டோனின் பொத்தானைத் தேடினான். ஆஷ்லின் அவன் தேடி முடிக்கக் காத்திருக்கவில்லை. முதல் நரம்பைத் தொட்டாள், பலகை அதிர்ந்தது, அந்த அதிர்வு அவள் விலா எலும்பு வரை வந்தது. தவக்காலத்திலிருந்து பழகியதை அவசரப்படாமல் வாசித்தாள். அருண் பொத்தான் மேல் வைத்த விரலை எடுக்காமலே நின்றான். இரண்டாவது சரணம் தொடங்கியபோதுதான் அவள் மூச்சு விட்டாள்.

பூசை முடிந்ததும் சவரிராயன் நேராக அவளிடம் வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இன்னைக்குத்தாம்மா நல்லா இருந்துச்சு."

ஆஷ்லின் நிமிர்ந்தாள்.

"பேரு முழுசாத் தெரிஞ்சுது," என்றார் அவர். ஸ்டாண்டை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வெளியே கோயில் குழாயடியில் பிரபு விரலுக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். அருண் பக்கத்தில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான். அந்தக் குழாய்த் தொட்டியிலும் சவரிராயன் பெயர்தான். நுரை வழிந்து 'குடும்பத்தார்' வரைக்கும் இறங்கியிருந்தது.