இடது கைக்கான மருந்து

நர்ஸ் என் இரண்டு டியூப்களையும் வாங்கினாள். தராசில் வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மிச்சத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு, "சொன்னபடி போடறது நீங்க ஒருத்தர்தான்க்கா" என்று என்னை நெளிய வைப்பவள், இன்று அவற்றை ஒரு பையில் போட்டு வாயை ஒட்டினாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஏதோ சரியில்லை என்று அப்போதே பட்டது.

சொரியாசிஸ் மருந்து ஆய்வு அது. இரண்டு முழங்கைக்கும் தனித்தனி டியூப். ஒன்றில் புது மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்று டாக்டருக்கே தெரியாதாம். என் இடது முழங்கைக்குத் தெரிந்துவிட்டது. வருடக்கணக்காகச் செதில் செதிலாக உதிர்ந்து, தினமும் படுக்கையை உதற வைத்த தோல் மளமளவென்று ஆறியது. வலது கை மட்டும் பழையபடி சொரசொரவென்று கிடந்தது.

ஆய்வில் சேர நானும் தங்கையும் ஒன்றாகத்தான் போனோம். எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்காமல் கிடைத்த ஒரே சொத்து இந்த நோய். எனக்குக் கையில் வந்தது, அவளுக்கு முகத்தில். சேர்ப்பதற்கு முன் எடுத்த பரிசோதனையில்தான் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருடம் காத்திருந்தவள். கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நடைவழியில் நின்று சிரிப்பும் அழுகையுமாக என்னைக் கட்டிக்கொண்டாள்.

மாதம் ஏற ஏற முகத்திலும் நோய் ஏறியது. வெளியே தலைகாட்டுவதை விட்டாள். "புள்ள என் மூஞ்சியப் பாத்து பயந்துடுமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இடது டியூபிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் பிதுக்கிக் கொடுத்தேன். என் கைதான் ஆறிவிட்டதே. மேலே பூசுவதுதானே, உள்ளேயா போகப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் புத்தியை எதால் அடிப்பது?

"பயப்படாதீங்கக்கா," என்றாள் நர்ஸ். "ஆய்வ நிறுத்தச் சொல்லிட்டாங்க. மிருகங்களுக்கும் குடுத்துப் பாத்துட்டிருந்தாங்க. அதுல ஏதோ வந்திருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. குட்டிங்களுக்குத்தான்."

"என்ன குட்டிங்க?"

"சினையா இருந்ததுங்களோட குட்டிங்க." குரலைத் தாழ்த்தினாள். "உங்க தங்கச்சி மாசமா இருக்காங்கல்ல? அவங்க கை இதுல படலயே? பட்டிருந்தா சொல்லிடுங்கக்கா, உடனே ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்."

"இல்லையே," என்றேன். வாய் முந்திக்கொண்டது. அவள் பெருமூச்சு விட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முகம் எவ்வளவு பெரியது? விரல் நுனியில் தொட்டுப் பூசினால் போதும். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தங்கை வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லி, கையோடு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும், என் முகத்திலேயே விழிக்காமல் போனாலும் போகட்டும், பிள்ளை நல்லபடியாக இருந்தால் போதும்.

கதவைத் திறந்தவளின் முகம் பளிச்சென்று இருந்தது. பவுடர்கூடப் போட்டிருந்தாள்.

"நல்லவேளை வந்தே. டப்பா காலிக்கா."

"போன வாரந்தானேடி ரொப்பிக் குடுத்தேன்? மூஞ்சிக்கு அவ்வளவா ஆகும்?"

அவள் குறும்பாகச் சிரித்து, தொளதொளத்த சட்டையை மேலே தூக்கினாள். "இங்கயும் வந்துடுச்சுக்கா. உன்கிட்ட சொன்னா கவலப்படுவேன்னு சொல்லல. ராத்திரியும் பகலுமா நல்லா அழுத்தித் தேச்சேன். எப்படிப் போயிடுச்சு பாரு!"

அவள் என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"காலைலேருந்து சோம்பேறி தூங்கிட்டே இருக்கு. பெரியம்மா கை பட்டா முழிச்சுக்கும், இரு."

உள்ளங்கைக்குக் கீழே தோல் வழவழவென்று, ஒரு திட்டுகூட இல்லாமல், வெதுவெதுப்பாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவள் விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்று சைகை காட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.