மூன்றாம் வகுப்பின் கைகள்

அந்த அரசுப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இருந்த முப்பத்தொரு பிள்ளைகளுக்கும், சாயப்பட்டறை முதலாளியின் பெயரைக் கேட்டாலோ பார்த்தாலோ கைகள் தாமாகத் தட்டிக்கொண்டன. அவர் போட்டுக்கொடுத்த கூரையின் திறப்பு விழாவுக்காக நான்கு நாள் வெயிலில் நிறுத்திப் பழக்கியதில் வந்தது அது. விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் தட்டல் நிற்கவில்லை. முதலாளியின் பெயர் கூரைத் தகட்டில், பெஞ்சு முதுகில், தண்ணீர்க் குழாயில், கழிப்பறைக் கதவின் உட்புறத்தில்கூட இருந்ததால் உட்காரும்போதும் குடிக்கும்போதும் ஒதுங்கும்போதும் தட்டினார்கள். உள்ளங்கைகளில் தோல் உரிந்தது. மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். பெற்றோரில் பாதிப் பேர் பட்டறையில் வேலை செய்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. முதலாளியோ மனம் குளிர்ந்துபோய், வேறு பள்ளிகளைத் தத்தெடுத்திருந்த கனவான்களைக் கூட்டிவந்து காட்டினார். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியையைத் தனியே அழைத்து, எந்த வயதில் ஆரம்பித்தால் நன்றாகப் படியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில், சாயத் தொட்டியைக் கழுவ முகமூடியில்லாமல் இறக்கப்பட்ட தொழிலாளி ஒருவர் விஷவாயுவில் செத்துப்போனார். பட்டறை அதை மாரடைப்பு என்று எழுதியது. அவருடைய மகளும் மூன்றாம் வகுப்புதான். முதலாளி புகைப்படக்காரரோடு வந்து, தன் பெயர் அச்சிட்ட ரிப்பன் கட்டிய மலர்வளையத்தைச் சடலத்தின்மேல் வைத்தார். தலைமாட்டில் நின்ற மகள் கைதட்டினாள். அழுதுகொண்டே தட்டினாள். உடன் வந்திருந்த வகுப்புப் பிள்ளைகளும் தட்டினார்கள். முதலாளி பழக்கதோஷத்தில் கும்பிட்டார்.

தாய் எழுந்துபோய் மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை காற்றில் இரண்டு தரம் அலைந்து அடங்கியது.

அடுத்த வாரம் தாய் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பொணத்துக்கு முன்னால எம்பொண்ணு கைதட்டுனா, டீச்சர்."

"கூரை ஒழுகுதுன்னு மூணு வருஷம் மனு போட்டேம்மா. மேலிடத்துல ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இவர்தான் வந்தாரு."

"வாங்கினது நீங்க. நன்றி சொல்லணும்னா நீங்க தட்டியிருக்கணும். பிள்ளைங்க கைய எதுக்குக் குடுத்தீங்க?"

தலைமையாசிரியை மேசையைப் பார்த்தார். அதன்மேலும் அந்தப் பெயர் இருந்தது.

"அன்னிக்கு எப்படி நின்னுச்சு?" என்றார்.

"பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

முதலாளி தன் படம் போட்ட புத்தகப் பைகளோடு வந்த அடுத்த விழாவில், மூன்றாம் வகுப்பு ஒருவர் கையை ஒருவர் பிடித்து வட்டமாக நின்றது. அவர் தன் பெயரை ஆறு இடத்தில் சொல்லி, ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். பிள்ளைகளின் தோள்கள் துடித்தன. ஒரு கையும் பிரியவில்லை. பைகளை வண்டியில் திருப்பி ஏற்றிக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. கூரை துருப்பிடித்து மறுபடி ஒழுக ஆரம்பித்தது. தலைமையாசிரியை மறுபடி மனு போட்டார். நான்காம் வருடம் பார்வையிட வந்த அதிகாரி, ஒழுகலைப் பற்றி ஒன்றும் எழுதாமல், மாணவரிடையே ஒற்றுமை நன்று என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளைகள் இப்போது ஏழாம் வகுப்பு. பெஞ்சு முதுகில் அந்தப் பெயர் இன்னும் அழியவில்லை. ஒரு கையால் எழுதுகிறார்கள், மறு கை பக்கத்துப் பிள்ளையிடம் இருக்கிறது. இடக்கைக்காரர்கள் மூன்று பேர். அவர்களுக்குத் தோதாகத் தலைமையாசிரியை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்.